வைக்கோலுக்கு வலை விரித்தவன்

எங்கள் கடலோர ஊர் தியாபாத்தில் யாரிடமாவது மஹ்ஜூப் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கை காட்டுவார்கள். "அந்தக் கருமி வீடா?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. மஹ்ஜூப் என் கணவன். அவனைக் கருமி என்று சொன்ன வாய் ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். அந்த வாய்க்காரர்கள்தான் இப்போது எங்கள் வாசலில் வந்து நின்று, இன்னொரு வலை பின்னிக் கொடு என்று கேட்கிறார்கள். அவனும் மறுபேச்சில்லாமல் பின்னிக் கொடுக்கிறான். நானாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அவன் பிறந்தது எஸ்ஸவீரா துறைமுகத்துச் சந்தில். அவர்கள் வீட்டில் எல்லோரும் மத்திப் படகுக்காரர்கள். மீசை முளைப்பதற்கு முன்பே அவன் கையில் வலை ஊசி ஏறிவிட்டது. நான் முதன்முதலாகப் பார்த்தபோது கரையில் நீல வலைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைச் சரி செய்துகொண்டிருந்தான். நான் ஷியாத்மா நாட்டுப்புறத்திலிருந்து மீன் பெட்டி கட்டும் கொட்டகைக்கு வேலைக்கு வந்த புதிது. தினமும் அந்த வழியாகத்தான் போவேன். மற்ற ஆண்கள் பார்த்த பார்வைக்கு எனக்கு எரிச்சல் வரும். இவன் நிமிர்ந்தே பார்க்காததற்கு அதைவிட எரிச்சல் வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே வலை மேல் நடந்தேன்.

"ஏய், கிழிஞ்சா நீயா பின்னுவ?" என்றான்.

"பின்னத் தெரிஞ்சவன் நீதானே, பின்னு" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு குதிரை வீடு. என் அப்பா அல்லால், எங்கள் ஊர்க் குதிரை வரிசைக்குத் தலைவர். திருவிழாவில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோளாகக் குதிரையை விரட்டி வந்து, கடைசி எட்டில் துப்பாக்கியைத் தூக்கிச் சுட வேண்டும். அத்தனை வெடியும் ஒரே வெடியாகக் கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் அந்த வருஷம் முழுக்கத் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அப்பாவைப் பொறுத்தவரை குதிரை மேல் உட்காராதவன் அரை மனிதன். நான் மீன்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீடே அதிர்ந்தது.

"வெடி போடற வீட்டுல பொறந்துட்டு மீன் நாத்தத்துக்கா போற?" என்றார்.

"குதிரை நாத்தம் மட்டும் பன்னீரா அப்பா?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். வந்து, சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார். ஆனால் அன்றிலிருந்து மஹ்ஜூப்பை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மத்திக்காரன் என்பார். நேரில் இருந்தால் மத்திக்காரா. அவனும் "சொல்லுங்க மாமா" என்பான். அந்த "சொல்லுங்க மாமா"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும்.

பிறகு படகின் முதலாளி படகைத் தெற்கே விற்றுவிட்டார். மஹ்ஜூப்புக்கு வேலை போயிற்று. தியாபாத்தில் என் தாய்மாமன், கடற்கரையில் பயணிகளைக் குதிரை ஏற்றிக் கூட்டிப் போகும் தொழில் செய்துகொண்டிருந்தார். கயிறு பிடித்து நடக்க ஆள் வேண்டும் என்று இவனைச் சேர்த்துக்கொண்டார். முதல் மாதம் பார்க்க வேண்டுமே. குதிரையை அலை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்பது போலக் கயிற்றை முஷ்டியில் நாலு சுற்றுச் சுற்றிப் பிடிப்பான். "அப்படிச் சுத்தாதடா, அது ஓடினா உன் கை அதோட போகும்" என்று மாமா கத்துவார். மாமாவுக்கு முட்டி போன பிறகு மூன்று குதிரைகளும் ஒரு கழுதையும் எங்களிடம் வந்தன.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். குதிரையோடு பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள் குதிரையைப் பார்த்தால் அதன் கழுத்து வளைவையும் வாலையும் பார்ப்பார்கள். இவன் வலையைப் பார்ப்பது போலப் பார்ப்பான். எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே கிழியப் போகிறது என்றுதான் இவன் கண் போகும்.

தியாபாத்தில் காற்று எங்களோடு குடியிருக்கிறது. குதிரைக்கு முன்னால் ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் பாதி, பக்கத்து வீட்டு ஹத்தாவின் முற்றத்தில் கிடக்கும். ஹத்தா அதைத் தன் ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டுக் காத்து ரொம்ப நல்ல காத்து" என்பாள். மிச்ச வைக்கோலைக் குதிரை சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். அப்புறம் வெயில் சாயும் வரை அதன் வாய்க்கு வேலை இல்லை. மணலில் கிடக்கும் துணுக்குகளை உதட்டால் துழாவித் துழாவித் தின்னும். துணுக்கோடு மணலும் உள்ளே போகும்.

கம்மூன் என்று எங்களிடம் ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. அது அப்படித்தான் செத்தது. நகரத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர், "வயித்துல மணல் கட்டிப் போச்சு" என்றார். "குதிரைக்கு உடம்புதான் பெருசு, இரைப்பை சின்னது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேய்ஞ்சுக்கிட்டே இருக்கப் பொறந்தது. நீங்க ஒரே வேளையில கொட்டிட்டுப் போயிடறீங்க. தரையில போடாதீங்க. சட்டுனு தீராம பாத்துக்கங்க."

சட்டென்று தீராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. மஹ்ஜூப் கம்மூனைப் புதைத்துவிட்டு வந்து, சாப்பிடாமல், பரணில் கிடந்த பழைய வலையை இறக்கினான்.

முதல் வலை பெரிய கண் வலை. குதிரை அதற்குள் மூக்கை விட்டு நிமிஷத்தில் காலி செய்தது. அடுத்தது மெல்லிய நைலான் நூல். ஈறு அறுத்து ரத்தம் வந்தது. மூன்றாவது தடித்த நூலில், சின்னக் கண் வைத்து, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கடலில் ஊறிய நூல். உப்பு ருசிக்குக் கழுதை வைக்கோலை விட்டுவிட்டு வலையைத் தின்றது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு வலைகளை உப்புப் போக ஊற வைத்தது என் துணி துவைக்கும் தொட்டியில். தாழக் கட்டியபோது ஒரு குதிரையின் லாடம் வலைக் கண்ணில் மாட்டி, அது கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதிலிருந்து நெஞ்சு உயரத்துக்குக் கட்டினான். தீனி குறையக் குறைய வலை தொங்கும் இல்லையா, அதையும் கணக்குப் பண்ணி இன்னும் கொஞ்சம் மேலே. முடிச்சும், ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. கொஞ்ச நாளில் ஹத்தாவின் ஆடு வேலி தாண்டி வந்து கொம்பை வலைக்குள் விட்டுக்கொண்டு கதறியது.

"தாமூ, உன் புருஷன் என் ஆட்டை மீன்னு நெனச்சுட்டான் போல. வந்து அவுத்து விடச் சொல்லு" என்று ஹத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள். அதிலிருந்து கொம்புள்ள எதுவும் வலைப் பக்கம் வராதபடி முள் வைத்தான்.

கடைசியில் இரண்டு விரல் மட்டும் நுழையும் கண் சரியாக வந்தது. குதிரை உதட்டைக் குவித்து ஒவ்வொரு தாளாக உருவித் தின்றது. காலையில் கட்டியது மதியம் தாண்டியும் இருந்தது. அவன் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

டீக்கடையில் கேலி தாங்காது. "மஹ்ஜூப், இன்னைக்கு வைக்கோல் நல்லாப் பட்டுச்சா?" என்பார்கள். "பட்டுது. உன் தலை அளவுக்குக் காலியா எதுவும் சிக்கலை" என்பான். அந்த மாதிரிப் பேச்சு அவனுக்கு வலிக்காது. கருமி என்பதுதான் வலிக்கும். எங்கள் மண்ணில் ஒருவனைத் திருடன் என்றால்கூட அடித்துக்கொண்டு சமாதானம் ஆகிவிடுவான். கருமி என்றால் அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். என் அப்பா வீட்டில் விருந்தாளி வந்தால் அவருக்குத் தேநீர் ஊற்றுவதற்கு முன்னால் அவருடைய குதிரைக்குப் பார்லி கொட்டுவார்கள். குவித்துக் கொட்டுவார்கள். தீனிக்கு அடியில் தரை தெரியக் கூடாது என்பார் அப்பா. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் வைக்கோலை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"கொறைச்சா போடறேன்?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டான். "அதே வைக்கோல்தான் தாமூ. சாப்பாட்டை நீட்டி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்ற, டீக்கடையில போய்ச் சொல்லு" என்றேன்.

பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. ஷியாத்மா பக்கம் வயலில் தாள் முழங்கால் உயரம்கூட எழவில்லை. ஊர் ஊராகக் குதிரைகளை விற்றார்கள். அப்பாவும் விற்றார். ஒன்றை மட்டும் விற்கவில்லை. ஸர்கா என்ற சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் அவள் ஒருத்திதான்.

அப்படி ஒரு வருஷ வசந்தத்தில் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஸர்காவைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏறி வரவில்லை, ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அவள் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

"மகளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "இவளும் கூட வரேன்னா."

என் அப்பா தன் வாழ்நாளில் யாரிடமும் ஒரு பிடி புல் கேட்டவர் இல்லை. மஹ்ஜூப் உள்ளேயிருந்து வந்தான், குதிரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க மாமா. எங்க குதிரைங்களும் ஒண்ணோட ஒண்ணு மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்குங்க" என்று சொல்லித் தலைக்கயிற்றை வாங்கிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் செய்த எல்லா மடத்தனத்தையும் மன்னித்தேன்.

கோடைத் திருவிழாவுக்கு ஸர்கா தேறிவிட வேண்டும். அப்பாவின் வயசுக்கு இன்னும் எத்தனை முறை வரிசையின் முன்னால் போக முடியும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஸர்கா இல்லாமல் அவருக்கு வரிசை இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மஹ்ஜூப் விடியற்காலை எழுந்து அவளுக்கென்று புது வலை நிரப்பினான். வைக்கோலோடு காய்ந்த குதிரைமசால் தழையும் கலந்து. எங்கள் குதிரைகளுக்கு இல்லாத மசால். கட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் அப்பா எழுந்து போனார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சை அவிழ்த்து, வலையைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் அவள் முன்னால் தரையில் குவித்தார்.

ஓடினேன். "என்ன அப்பா செய்றீங்க?"

"என் புள்ளைக்குச் சோறு போடறேன். வலைக்குள்ள வெச்சுப் பொறுக்கித் தின்னுன்னு சொல்ல அவ என்ன கைதியா?"

"மணலைத் தின்னுடும் அப்பா. ஒரு குதிரை செத்திருக்கு இங்க."

"மத்திக்காரன் வளத்தது சாகும். நான் பொறந்ததுலேர்ந்து குதிரைக்குத் தரையிலதான் போடறேன். ஒண்ணும் சாகலை."

அவர் ஊர் மண் கெட்டிச் செம்மண். இங்கே விரல் வைத்தால் புதைகிற கடல் மணல். அதைச் சொன்னால் காதில் ஏறவில்லை. காலி வலையைச் சுருட்டி, ஒன்றும் தெரியாதவர் போலக் கம்பத்தில் தொங்கவிட்டார். மருமகன் மனசு நோகக் கூடாதாம்.

மாலையில் மஹ்ஜூப்பிடம் சொன்னேன். அவன் ஏற்கெனவே கவனித்திருந்தான். முடிச்சு வேறு மாதிரி இருந்ததாம்.

"அப்ப போய்ப் பேசு."

"என்னன்னு பேச?"

"வாய் இருக்கில்ல? டீக்கடையில அத்தனை பேர் வாயையும் அடைக்கிற."

அவன் கொஞ்ச நேரம் நூலை உருட்டிக்கொண்டிருந்தான். "தாமூ, உங்கப்பா தன் வீட்டுல தீனி இல்லாம நம்ம வாசலுக்கு வந்திருக்காரு. கொடுக்கறதுக்கு அவர்கிட்ட வேற என்ன இருக்கு? அந்த வைக்கோலைக் குவிச்சுப் போடறப்பதான் அவர் இன்னும் வீட்டுக்காரர். அதையும் கையிலேர்ந்து புடுங்கணுமா?"

"அப்ப குதிரை?"

"நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். முதலில் முடிச்சை இறுக்கினான். துப்பாக்கியும் கடிவாளமும் பிடித்துப் பழகிய கைக்கு அது ஒரு முடிச்சா? அப்பா பல்லால் அவிழ்த்தார். பிறகு குவிக்கிற இடத்தில் யதேச்சையாகக் கிடப்பது போல ஒரு தார்ப்பாயை விரித்து வைத்தான். காற்று அதைப் புரட்டி ஹத்தா வீட்டுக் கூரையில் போட்டது. ஸர்காவைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றினான். குளம்பு வலிக்கும் என்று அப்பா திரும்பவும் மணலுக்கு அழைத்து வந்தார். இவன் காலையில் கட்ட, அவர் அவிழ்க்க, சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்து, காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள்.

நான் ஒருநாள் தட்டைப் படாரென்று வைத்து, "வலையைப் பத்திப் பேசுங்களேன்" என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். நான்தான் மரியாதை தெரியாதவள் ஆனேன். மரியாதை என்ற பெயரில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு குதிரையைக் கொல்லப் பார்த்தார்கள், அதுதான் உண்மை.

ஸர்காவோ சதை வைத்தாள். மேலே மினுமினுப்பு வந்தது. அப்பா அவளைத் தடவிவிட்டு, "பாத்தியா?" என்று என்னிடம் கேட்பார். குவியலை அவள் காலையிலேயே முடித்துவிடுவாள். மீதிப் பகல் முழுக்கத் தலையைக் குனிந்தபடி மணலைத் துழாவிக்கொண்டிருப்பாள். "நல்லா மேயறா" என்பார் அப்பா. மேய அங்கே ஒரு புல் கிடையாது.

ஒரு பிற்பகல் காற்று முற்றத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அப்பாவின் குரல் கேட்டு ஓடினேன். ஸர்கா முன்காலால் மணலைப் பறித்துக்கொண்டு, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு படுத்துப் புரண்டாள். எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. அப்பா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் அப்பா யாரையும் அந்தக் குரலில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்து.

ஹத்தா கடற்கரைக்கு ஓடி மஹ்ஜூப்பைக் கூட்டி வந்தாள். அவன் வரும்போதே மருத்துவருக்குப் போன் போட்டுக்கொண்டு வந்தான். ஸர்காவை எழுப்பி நிறுத்தி, மண்டியிட்டு, அவள் அடிவயிற்றில் காதை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவன் முகம் சாம்பலாகியிருந்தது.

"மாமா, இங்க வந்து காதை வைங்க."

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நாளிலிருந்து அவன் அவரிடம் இதைச் செய்யுங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா குனிந்தார். முட்டி மடங்க நேரம் பிடித்தது. காதை வைத்தார்.

"என்ன கேக்குது?"

அப்பா இன்னும் குனிந்தார். மறுபடியும் காதை வைத்தார்.

"அலை மாதிரி கேக்குது" என்றார்.

"கடல் அந்தப் பக்கம் இருக்கு மாமா. இது உள்ள. மணல் புரள்ற சத்தம். கம்மூனுக்கும் இப்படித்தான் கேட்டுச்சு."

அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்த மணலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும், மலத்தை இளக்கும் இசப்கோல் உமியும் இறக்கினார். ஊசி போட்டார். படுக்க விடாதீர்கள், நடத்துங்கள் என்றார். பிழைக்குமா என்று நான் கேட்டதற்கு, "காலையில லத்தி போட்டா பிழைச்சுது" என்றார். அந்த இரவைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. இரண்டு பேரும் மாறி மாறி நடத்தினார்கள், அவ்வளவுதான்.

காலையில் போட்டாள். மஹ்ஜூப் அதை வாளித் தண்ணீரில் கரைத்துச் சாய்த்தான். அடியில் மணல் தங்கியது. அப்பா கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். "இதை நான்தான் ஊட்டியிருக்கேன்" என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்த பேச்சு இருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு சொல்ல மனசு வரவில்லை.

இனி வலைதான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. குவியல் கூடாது, பார்லி கூடாது. மருத்துவர் சொன்னதை அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நாள் முழுக்க லாயத்து வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார். ஹத்தாவின் ஆடு தலையை நீட்டினால்கூட எழுந்துவிடுவார். முடிந்தது பிரச்சினை என்று நான் நினைத்தேன்.

ஒரு காலை, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஸர்கா கனைத்தாள். வலை காலியாகியிருக்க வேண்டும், அடுத்தது கட்ட இன்னும் நேரம் இருந்தது. மறுபடியும் கனைத்தாள். பசித்த குதிரை, தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் செய்கிற கனைப்பு அது. எட்டிப் பார்த்தேன். அப்பா அடுத்த வேளைக்கு நிரப்பி வைத்திருந்த வலையைத் தரையில் வைத்து, முடிச்சைப் பாதி அவிழ்த்திருந்தார். ஒரு கைப்பிடி வைக்கோல் வெளியே வந்துவிட்டது.

"அப்பா" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அதில் வைக்கோல் இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போல இருந்தது. மெல்ல அதைத் திரும்ப வலைக்குள் திணித்து முடிச்சுப் போட்டார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை, பயமாக இருந்தது.

அன்று மஹ்ஜூப் வந்ததும் அவனை உட்காரச் சொன்னார்.

"மத்திக்காரா, ஸர்கா இங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டும் மாமா. திருவிழாவுக்கு முன்னாடி நானே கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள நல்லாத் தேறிடுவா."

"உனக்குக் காது கேக்கலையா? இங்கயேன்னு சொன்னேன்."

மஹ்ஜூப்புக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பதறிப்போனான். "எதுக்கு மாமா? வைக்கோல் நான் அனுப்பறேன். வலை நாலு பின்னித் தரேன். நானே வந்து உங்க லாயத்துல உயரம் பாத்துக் கட்டிட்டுப் போறேன்."

"நீ கட்டுவ. நான் அவுப்பேன்."

"இனிமே மாட்டீங்க மாமா."

"இன்னைக்குக் காலையில அவுத்தேன். உன் பொண்டாட்டிய கேளு." தன் வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். "எனக்குத் தெரியும், அவ செத்துடுவான்னு தெரியும். அவ கனைச்சா இது நிக்க மாட்டேங்குது. இதுக்குக் கொடுக்கத்தான் தெரியும். இல்லைன்னு சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்."

ஊரெல்லாம் கருமி என்று சொன்னதை என் அப்பா அப்படிச் சொன்னார். மஹ்ஜூப் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது. நான் உள்ளே போய் நன்றாக அழுதேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று அழுதேன். அழுதுவிட்டு மூன்று பேருக்கும் மத்தி பொரித்தேன். அப்பா தட்டைக் காலி செய்தார்.

மறுநாள் ஸர்காவின் சேணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்ஸியில் ஊருக்குப் போனார். கோடையில் வரிசைக்கு வேறொருவர் தலைவரானார். அப்பா கூட்டத்தோடு நின்று பார்த்தாராம். வெடி ஒன்றாகக் கேட்டதா என்று கேட்டேன். "கேட்டுது" என்றார்.

ஸர்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். மஹ்ஜூப் அவளைப் பயணிகளுக்குக் கொடுப்பதில்லை. அலை ஓரமாகத் தானே கயிறு பிடித்து நடத்திவிட்டு வருகிறான். மற்ற நேரம் அவள் வலையோடு நிற்கிறாள். எப்போது பார்த்தாலும் உதடு அசைந்துகொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா கூஸ்கூஸ் சாப்பாட்டுக்கு வருகிறார். டாக்ஸியிலிருந்து இறங்கியதும் என்னிடம்கூட வராமல் நேரே லாயத்துக்குப் போவார். ஸர்கா அவரைக் கண்டதும் கனைப்பாள். வலை நிறைய வைக்கோல் இருந்தாலும் கனைப்பாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலைக்கு ஓரடி தள்ளி நிற்பார். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பழைய வரிசைத் தலைவர் கம்பீரமாக நின்று குதிரையைப் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். அடுப்படியிலிருந்து நான் பார்ப்பது அவர் முதுகை. இடது கை வலது மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.